ஐந்து வினாடிக் கிளி

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் கிளியனூரில் இறங்கி, ஜெராக்ஸ் கடை எங்கே என்று கேட்டால் நாலு கை நாலு திசையைக் காட்டும். அதில் ஒரு கை காட்டுகிற கடை நம்மவருடையது. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். முழுக்கப் படித்தால் காரணம் புரியும்.

கடையில் ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு பிரிண்டர், லேமினேஷன் பெட்டி, யுபிஎஸ் போட்ட பழைய மேசைக் கணினி. இவற்றுக்கு நடுவே, கவுண்டர் மேல், நம்மவர் பக்கம் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன மடிக்கணினி. பட்டா, சிட்டா, சாதிச் சான்று, வருமானச் சான்று எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் போகிற வழி அதுதான்.

அது அவர் தங்கை பிளஸ் டூ படித்தபோது பள்ளிக்கூடத்தில் வாங்கியது. கல்யாணமாகி மரக்காணம் போனபோது சீர்வரிசையோடு சீர்வரிசையாக அதுவும் போனது. தூத்துக்குடி, வேதாரண்யம் என்று உப்புக்குப் பெயர்போன ஊர்களின் வரிசையில் மரக்காணமும் ஒன்று. உப்பளத்தை ஒட்டிய வீட்டில் நாலு வருஷம் கடல்காற்றைக் குடித்துவிட்டு, புது லேப்டாப் வந்ததும் இது பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தது. வரும்போது யுஎஸ்பி துளைகளில் லேசாகப் பச்சை பூத்திருந்தது. நம்மவர் அதை அழுக்கு என்று நினைத்துக்கொண்டார்.

அவருக்கு உறுத்தியது வேறு. பவர் பட்டனை அழுத்தியதும், விண்டோஸ் வருவதற்கு முன்பு, திரையில் ஐந்து வினாடி கோபுரம் நிற்கும். தமிழ்நாடு அரசு முத்திரை. அது ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரமா, மதுரை மேலக்கோபுரமா என்று தமிழ்நாட்டில் தீராமல் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது; நம்மவருக்கு அந்த வழக்கில் ஆர்வமில்லை. கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒன்று போலக் கேட்டார்கள்: “இன்னாபா, கவர்மெண்டு லேப்டாப்பா?”

கேள்வியில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தொனியில், ரேஷன் அரிசியில் பிரியாணி போட்டுக் கல்யாணத்தை முடித்துவிட்டாயா என்கிற விசாரணை இருந்ததாக அவருக்குப் பட்டது. காட்டிக்கொடுப்பது அந்தக் கோபுரம்தான் என்று முடிவு கட்டினார். கோபுரம் போக வேண்டும். அந்த இடத்தில் கிளியனூருக்குப் பொருத்தமாக ஒரு கிளி வந்து உட்கார வேண்டும்.

தங்கைக்கு இது கிடைத்த இலவச மடிக்கணினித் திட்டத்தை 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று, திருவள்ளூர் அருகே காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி திட்டமும் அன்றைக்கே. டெண்டர் விட்டு வாங்கிக் கொடுத்தது தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட். விண்டோஸோடு சேர்த்து, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளத்தையும் போட்டுக் கொடுத்தார்கள். பாஸ் லினக்ஸைத் திறந்து பார்த்த மாணவர்கள் இருந்திருப்பார்கள். நம்மவரின் தங்கை அந்தக் கூட்டத்தில் இல்லை.

அந்த மிக்ஸியிலும் கிரைண்டரிலும் அரசு ஸ்டிக்கர் இருந்தது. நம்மவரின் அம்மா தேங்காய் எண்ணெய் தடவி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, நகத்தால் சுரண்டி அதை எடுத்துவிட்டார். கட்சி விரோதமெல்லாம் கிடையாது, சட்னி ஒட்டினால் கழுவ முடியவில்லை, அவ்வளவுதான். மடிக்கணினியில் ஸ்டிக்கர் உள்ளே இருந்தது. எண்ணெய் அங்கே எட்டாது.

இந்த ஐந்து வினாடிக்கு ஆசைப்பட்டது தமிழ்நாட்டு அரசு மட்டும் இல்லை. உத்தரப் பிரதேசத்தில் 2013-இல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினியைத் திறந்தால் அன்றைய முதல்வர் அகிலேஷும் அவர் அப்பா முலாயம் சிங்கும் முகம் காட்டினார்கள். அந்தப் படத்தை நீக்கப் பார்த்தால் கணினியே முடங்கிப்போகிறது என்று அப்போது பத்திரிகைகளில் செய்தி வந்தது. அப்பாவும் பிள்ளையும் போனால் ஆட்சியும் போகும் என்பது போன்ற ஏற்பாடு. அதோடு ஒப்பிட்டால் கோபுரம் எவ்வளவோ மேல். நம்மவரிடம் இதைச் சொன்னபோது, “கோபுரம்னா கும்புடலாம், சரி. கம்ப்யூட்டர்ல எதுக்கு?” என்றார்.

அந்த ஐந்து வினாடியை ஆளுகிற மென்பொருளின் பெயர் பயாஸ். பவர் வந்ததும் கணினிக்கு ஒன்றுமே தெரியாது. நினைவகம் எங்கே, விசைப்பலகை எங்கே, வட்டு எங்கே, எதையும் அறியாமல் தூங்கி எழுந்த பிள்ளை மாதிரி முழிக்கும். பயாஸ்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், இது உன் அம்மா, இது அடுப்படி என்று காட்டிவிட்டு விண்டோஸிடம் ஒப்படைக்கிறது. 1975 வாக்கில் சிபி/எம் என்ற இயங்குதளத்தை எழுதிய கேரி கில்டால் வைத்த பெயர் அது. 1981-இல் ஐபிஎம் தன் பிசியை வெளியிட்டபோது பயாஸ் நிரலை வரிக்கு வரி கையேட்டிலேயே அச்சடித்துக் கொடுத்தது. பெருந்தன்மை போலத் தெரியும். ஆனால் அச்சில் இருப்பதை யாராவது பார்த்து எழுதினால் பதிப்புரிமை வழக்குப் போடலாம். போட்டி நிறுவனங்கள் சளைக்கவில்லை. ஒரு குழு ஐபிஎம் பயாஸ் என்ன செய்கிறது என்று மட்டும் குறிப்பெழுதும். அந்த நிரலைக் கண்ணாலும் பார்த்திராத இன்னொரு குழு அந்தக் குறிப்பை மட்டும் வைத்துப் புதிதாக எழுதும். காம்பேக் அப்படித்தான் செய்தது. 1984-இல் ஃபீனிக்ஸ் அப்படி எழுதிய பயாஸை யார் கேட்டாலும் விற்கத் தொடங்கியது. சமைப்பதைப் பார்க்காமல், சாப்பிட்டவர் சொன்ன ருசியை மட்டும் கேட்டுப் பக்கத்து வீட்டுக் குழம்பை அப்படியே வைப்பது மாதிரி.

அடுத்த வருஷம், 1985-இல், சுப்ரமணியன் சங்கரும் பாட் சர்மாவும் அமெரிக்காவில் அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பழைய கணினிகள் விழிக்கும்போது மூலையில் தெரியுமே, ஏஎம்ஐ என்று, அவர்கள்தான். இன்று அவர்களுக்குச் சென்னையில், ராஜீவ் காந்தி சாலையை ஒட்டிச் செம்மஞ்சேரியில் அலுவலகம் இருக்கிறது. அந்தச் சாலை மாமல்லபுரத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையோடு சேர்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை மரக்காணத்தின் வழியாகப் போகிறது. உலகத்துக் கணினிகளை எழுப்பிவிடுகிற தொழிலைச் செய்பவர்கள் நேராகத் தெற்கே வண்டியை விட்டால் தங்கை வீட்டு வாசலுக்கு வந்துவிடலாம். நம்மவருக்கு இது அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் தங்கை கணவரோடு போய்க் கதவைத் தட்டியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

முன்பெல்லாம் பயாஸ் இருந்த சிப்பின் முதுகில் சின்னக் கண்ணாடி சன்னல் இருக்கும். உள்ளே இருப்பதை அழிக்க வேண்டுமானால் அந்தச் சன்னல் வழியாகப் புற ஊதா ஒளியைப் பாய்ச்ச வேண்டும். தவறுதலாக அழிந்துவிடக் கூடாது என்று சன்னல் மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி வைப்பார்கள். ஸ்டிக்கரை எடுத்துவிட்டு நேர் வெயிலில் போட்டால் ஒரு வாரத்தில் தானே அழிந்துவிடும் என்பது அந்தக் கால உற்பத்தியாளர்களின் கணக்கு. உப்பு வாருகிற மாதத்து மரக்காணம் வெயிலை அவர்கள் பார்த்ததில்லை.

பிறகு ஃபிளாஷ் சிப் வந்தது. மின்சாரத்தாலேயே அழிக்கலாம், எழுதலாம். வசதியோடு கூடவே வில்லனும் வந்தான். தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் 1998-இல் எழுதிய சிஐஎச் என்ற வைரஸ், 1999 ஏப்ரல் 26-ஆம் தேதி பல நாடுகளில் ஒரே நாளில் கண்ணைத் திறந்தது. வட்டை அழித்தது போதாது என்று, இடம் கொடுத்த கணினிகளில் பயாஸையும் குப்பையாக்கிவிட்டுப் போனது. செர்னோபில் விபத்து நடந்த அதே தேதி என்பதால் அதற்குச் செர்னோபில் என்றே பெயர் விழுந்தது. அதற்குப் பிறகு பயாஸைச் சுற்றி வேலி, பூட்டு, டிஜிட்டல் கையொப்பம் எல்லாம் ஏறிக்கொண்டே வந்தன.

இத்தனை வேலிக்கும் நடுவே ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. சில திங்க்பேட் மடிக்கணினிகளில் கம்பெனி அனுமதித்த வைஃபை அட்டையைத் தவிர வேறு எதைச் செருகினாலும் 1802 என்று ஒரு எண்ணைக் காட்டி, அட்டையைக் கழற்று என்று அடம்பிடித்து நின்றுவிடும். சில நூறு ரூபாய் அட்டைக்காகப் பயாஸைப் பிரித்து, அந்த அனுமதிப் பட்டியலையே நீக்கியவர்கள் உலகம் முழுக்க உண்டு. அந்த வேலைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. நம்மவருக்கு வைஃபை பிரச்சினை இல்லை. கிளிதான் பிரச்சினை.

கிளியை வரைந்தது நாலாம் வகுப்புப் படிக்கும் மகள். கிரேயான்ஸில் வரைந்த கிளி. பச்சையில் நாலு பச்சை, மூக்கில் இரண்டு சிவப்பு, கழுத்தில் வளையம், பின்னால் மாமரம், மரத்தில் மாங்காய், மேலே சூரியன். நம்மவர் அதை ஸ்கேன் செய்தார். பயாஸ் கோப்பைத் திறந்து காட்டும் ஒரு மென்பொருளால் உள்ளே நுழைந்து, ஆயிரத்தெட்டுப் பெட்டிகளுக்கு நடுவே கோபுரம் இருக்கிற பெட்டியைக் கண்டுபிடிக்க இரண்டு இரவு ஆயிற்று. எடுத்துவிட்டுக் கிளியை வைத்தார். மடிக்கணினியிலிருந்தே எழுதப் பார்த்தார். ‘இது நம்ம ஆள் கையெழுத்து இல்லை’ என்கிற பொருளில் ஒரு வரி வந்து, வேலை நின்றது.

இங்கேயே விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

முன்வாசல் பூட்டியிருந்தால் கொல்லைப்புறம் இருக்கிறது. பயாஸ் சிப் என்பது சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது, எட்டுக் கால். மேலே 25 என்று தொடங்கும் ஒரு எண் இருக்கும். அதன் முதுகில் துணி காயப்போடும் கிளிப் மாதிரி ஒன்றைக் கவ்வவிட்டு, எட்டுக் கம்பிகளைப் புரோகிராமர் என்ற கருவியில் செருகி, அதை வேறொரு கணினியோடு இணைத்தால் சிப்போடு நேராகப் பேசலாம். கையெழுத்துக் கேட்க அங்கே யாரும் இல்லை. சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் சிஎச்341ஏ என்ற கறுப்புப் புரோகிராமர் அட்டையைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கி வந்தார். திண்டிவனத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் அதைப் பார்த்ததும் எச்சரித்தார்:

“ண்ணா, இந்தக் கறுப்பு போர்டு சிக்னல் லைன்ல அஞ்சு வோல்ட் குடுக்கும். உங்க ஐசி 3.3-தான். மொதல்ல அதை மாத்திக்கினு அப்புறம் கிளிப்பு மாட்டுங்க. பயாஸ் அடிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு வாட்டி படிச்சு ரெண்டு ஃபைலும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க.”

அட்டையில் ஒரு காலைத் தூக்கி வேறிடத்தில் பற்றவைத்து 3.3-க்கு மாற்றிக் கொடுத்ததும் அவர்தான். டீக்காசுகூட வாங்கவில்லை. வாங்காததற்குக் காரணம் பிறகு தெரிந்தது. திரும்பி வருவார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டு உட்கார்ந்தார். பேட்டரியைக் கழற்றினார். அடிமூடியைத் திறந்தார். முதல் முறை படித்தார், நாலு எம்பி. இரண்டாம் முறை படித்தார், அதே நாலு எம்பி. இரண்டையும் ஒப்பிட்டால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. மூன்றாம் முறை படித்தது மூன்றாவதாக ஒரு கதை சொன்னது. தமிழ்நாட்டில் நேரில் பார்த்த சாட்சிகள்கூட இவ்வளவு முரண்பட மாட்டார்கள். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. சிப்பின் கால்களில் பச்சையாகக் களிம்பு. மரக்காணத்துக் காற்று நாலு வருஷமாக அங்கே கொஞ்சம் கொஞ்சமாக விளைந்திருந்தது. பழைய பல்துலக்கியில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் தொட்டுத் தேய்த்தார். நாலாம் முறையும் ஐந்தாம் முறையும் படித்தவை அச்சாக ஒன்றாக இருந்தன.

அந்தக் கோப்புக்கு ‘பழசு’ என்று பெயர் வைத்தார். கிளி உள்ள கோப்புக்கு ‘புதுசு’. கொஞ்ச நேரத்தில் ‘பழசு2’, ‘புதுசு பழசு’, ‘புதுசு கடைசி’, ‘புதுசு கடைசி நிஜம்’ எல்லாம் பிறந்தன. கடைசியாகச் சொன்னதை அடித்தார். எழுதியது, சரிபார்த்தது, பிசகில்லை என்றது. மேசைக் கணினி யுபிஎஸ்ஸில் இருந்ததால் கரண்டு போய்விடுமோ என்ற பயமும் இல்லை. கிளிப்பைக் கழற்றி, பேட்டரியைப் போட்டு, மகளைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்து, பவர் பட்டனை அழுத்தினார்.

மின்விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. திரை அமாவாசை.

“அப்பா, கிளி எங்கப்பா?”

இப்படி ஆனதைச் சர்வீஸ் கடைகளில் ‘டெட்’ என்பார்கள். ஆங்கிலக்காரர்கள் செங்கல் என்கிறார்கள். சூளையில் எடுத்த செங்கலுக்காவது விலை உண்டு. அன்றிரவு நம்மவர் கேள்விப்பட்ட கைவைத்தியம் எல்லாம் பார்த்தார். சிமாஸ் பேட்டரியைக் கழற்றி மாட்டினார். 2008-இல் வந்த ஏசர் ஆஸ்பயர் ஒன் என்ற குட்டிக் கணினிக்கு ஒரு மந்திரம் உண்டு: பென் டிரைவில் குறிப்பிட்ட பெயரில் பயாஸ் கோப்பைப் போட்டு, எஃப்என், எஸ்கேப் இரண்டையும் அழுத்திக்கொண்டே பவரைத் தட்டினால், செத்துக் கிடந்தது பவர் விளக்கை மினுக்கிக்கொண்டு எழுந்து வரும். எத்தனையோ பேருடைய கணினியை அது காப்பாற்றியிருக்கிறது. நம்மவருடையது வேறு கம்பெனி. இருந்தாலும் அழுத்திப் பார்த்தார். அடுத்த வீட்டு மருந்து நம் வீட்டுக் காய்ச்சலுக்குக் கேட்காதா என்ன? கேட்கவில்லை.

காலையில் அம்மா விஷயத்தைக் கேட்டார். படத்தை எடுத்ததாக மகன் சொன்னதும், என்ன படம் என்றார். சொன்னார்.

“கோபுரத்தையா அழிச்ச?”

“அம்மா, அது கோபுரம் இல்ல. பிஎம்பி ஃபைலு.”

“கோபுரத்தைப் போயி அழிச்சா வெளங்குமாடா?” என்று கேட்டுவிட்டு, ஊர்க்கோயில் அகத்தீஸ்வரருக்கு ஒரு ரூபாய் முடிந்து வைத்தார். அந்த முத்திரையில் கோபுரத்துக்குக் கீழே ‘வாய்மையே வெல்லும்’ என்று எழுதியிருப்பதையும் ஞாபகப்படுத்தினார். அவர் அதைப் படித்தது மிக்ஸியிலிருந்து சுரண்டும்போது.

திண்டிவனம் தம்பி ஆச்சரியப்படவில்லை. “நோ டிஸ்பிளேவா? பின் ஃபைலு வெச்சிருக்கீங்களா?” என்றார். ஆறு கோப்பு இருக்கிறது என்றார் நம்மவர். தம்பி கோப்புகளின் பெயர்களைப் படித்துவிட்டுச் சற்று நேரம் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். அவரிடமே இதே மாடலின் பின் ஃபைல், அதாவது பயாஸ் நகல், ஒன்று இருந்தது. அதை அடித்தால் உடனே எழுந்துகொள்ளும். ஆனால் வேறு யாருடைய சீரியல் எண்ணையோ தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு எழுந்திருக்கும். உறுப்பு மாற்றுச் சிகிச்சையில் சொந்தப் பெயரும் மாறிவிடுவது மாதிரி. வேண்டாம் என்று ‘பழசு’வையே அடித்தார்கள். கோபுரம் கம்பீரமாக வந்து நின்றது. நம்மவர் அதை முதல் முறையாகக் கையெடுத்துக் கும்பிட்டார்.

பிழை எங்கே என்று தம்பிதான் கண்டுபிடித்தார். கோபுரம் இரண்டு மூன்று நிறம், தட்டையான படம். சுருக்கினால் கைக்குள் அடங்கிவிடும். கிரேயான்ஸ் கிளியில் ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு பச்சை. எவ்வளவு சுருக்கினாலும் பழைய பெட்டிக்குள் அடங்கவில்லை. அடங்காத கிளி பக்கத்துப் பெட்டிகளை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிட்டிருந்தது. தெருவில் ஒரு வீட்டுக்காரர் அரை அடி தள்ளிச் சுவர் எடுத்தால் போதும், தெருக்கோடி வீட்டுக்காரர் தன் வாசலைத் தேடிக்கொண்டிருப்பார். எழுதியதைச் சரிபார்த்த மென்பொருளும் பொய் சொல்லவில்லை. கொடுத்ததை அப்படியே எழுதினேன் என்றுதான் அது சொன்னது. கொடுத்தது சரியா என்று நாம் கேட்கவும் இல்லை.

ஆகவே கிளியை இளைக்க வைத்தார்கள். சூரியன் போனது. மாங்காய் போனது, பிறகு மரமும் போனது. நாலு பச்சை ஒரே பச்சையானது. கழுத்து வளையத்தை எடுக்கக் கூடாது என்று மகள் போனிலேயே அழுததால் அது மட்டும் தப்பியது. சிறகை நறுக்கிக் கூண்டில் அடைத்த கிளியாகக் கடைசியில் அது கோபுரத்தின் அளவுக்குச் சரியாக வந்து சேர்ந்தது. பெட்டியின் கூட்டல் சரிபார்ப்பு எண்ணையும் திருத்தி, கிளிப்பை மாட்டி அடித்தார்கள்.

கறுப்புத் திரையின் நடுவே பச்சைக் கிளி. ஐந்து வினாடி. எண்ணிப் பார்த்தார், சரியாக ஐந்து.

செவ்வாய்க்கிழமை காலை கடையைத் திறந்து, கவுண்டரில் மடிக்கணினியை வைத்தார். டீ கொண்டுவந்த பையன் கவுண்டரைச் சுற்றி உள்ளே வந்தவன், கிளியைப் பார்த்துவிட்டு, “ண்ணா, ஜோசியமும் ஆரம்பிச்சிட்டீங்களா? சீட்டு எடுக்குமா?” என்றான். நம்மவர் பெருமையோடு அதை விட்டுவிட்டார். கோபுரம் போய்விட்டதல்லவா.

பத்து மணிக்கு வருமானச் சான்றுக்காக ஒரு பெரியவர் வந்து எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார். நம்மவர் மூடியைத் திறந்தார். பவர் பட்டன் மேல் விரலை வைத்தார், இன்னும் அழுத்தவில்லை.

“இன்னா தம்பி, கவர்மெண்டு லேப்டாப்பா?”

நம்மவர் எழுந்து, கவுண்டரைச் சுற்றிக்கொண்டு பெரியவர் பக்கம் போய் நின்று பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் அவர் போனதே இல்லை. மூடியின் முதுகில், உள்ளங்கை அகலத்துக்கு, கோபுரம்.

மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்த அம்மாவிடம் காட்டினார். அம்மா மூடியை நகத்தால் ஒரு தரம் சுரண்டிப் பார்த்தார். “இது ஒட்டுனது இல்லடா, அச்சடிச்சது,” என்றார். பிறகு சோற்றுக்கூடையிலிருந்து தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துக் கவுண்டர் மேல் வைத்தார்.